அண்டி ஆபீஸ் முதலாளிகளுக்கு ஒரு கழுத்து வலிக் கடிதம்

குமரி மாவட்டத்தில் அண்டி ஆபீஸ் என்று சொல்கிற முந்திரி ஆலைகளின் உரிமையாளர்களுக்கும், மேனேஜர்களுக்கும், மேஸ்திரிகளுக்கும் வணக்கம்.

விளவங்கோடு வட்டத்தில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். கழுத்து வலி என்று என்னிடம் வருகிறவர்களில் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் உண்டு, டிரைவர்கள் உண்டு, ராத்திரி முழுக்கப் படுக்கையில் கிடந்து போன் பார்க்கிற கல்லூரிப் பிள்ளைகளும் உண்டு. ஆனால் வாயைத் திறக்கும் முன்பே தொழில் இன்னதென்று தெரிந்துவிடுவது உங்கள் ஆலைப் பெண்களைத்தான். தலை முன்னால் தள்ளி நிற்கும். தோள் இரண்டும் காதை நோக்கி ஏறியிருக்கும். இடப்பக்கம் கூப்பிட்டால் கழுத்து திரும்பாது, உடம்போடு சேர்ந்து திரும்புவார்கள். "பிடலி திரும்பமாட்டேங்கு மோளே, ஒரு ஊசி போட்டா சரியாவுமா?" என்பதுதான் முதல் கேள்வி. நான் ஊசி போடுகிறவள் இல்லை என்றதும் முகத்தில் பாதி நம்பிக்கை போய்விடும்.

வருகிறவர்களுக்குச் சூடு வைக்கிறேன், இறுகிய தசையைத் தளர்த்திவிடுகிறேன், நாலு பயிற்சி சொல்லிக் கொடுக்கிறேன். இரண்டு மூன்று முறை வந்தால் கழுத்து நன்றாகத் திரும்பும். சந்தோஷமாகப் போவார்கள். அடுத்த மாதம் திரும்பவும் அதே வலியோடு வந்து நிற்பார்கள். இதில் அவர்கள் தப்பு ஒன்றுமில்லை. என் கட்டிலிலிருந்து எழுந்து நேராக அதே மணைப்பலகைக்கு, அதே தரையில் வைத்த முறத்துக்கு முன்னால்தானே போய் உட்காருகிறார்கள். அந்த முறம் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள். அதனால்தான் இந்தக் கடிதம் உங்களுக்கு.

பருப்பின் தோல் உரிக்கிற பீலிங் செக்‌ஷனை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள், ஆனாலும் ஒரு பெண்ணின் பக்கவாட்டில் நின்று பத்து நிமிடம் பாருங்கள். போர்மா என்கிற உலர்த்தும் அடுப்பிலிருந்து வந்த பருப்பை இடக்கையில் எடுத்து, சிறு கத்தியின் முனையால் தோலைச் சீவி, உடையாமல் போட வேண்டும். முழுப்பருப்புக்கு ஒரு மதிப்பு, பிளந்ததற்கு வேறு மதிப்பு என்பதால் கண் அதைவிட்டு அகலாது. பருப்பு இருப்பது மடிக்கும் கீழே. கண் அங்கே போக வேண்டுமென்றால் தலை போக வேண்டும், தலை போக வேண்டுமென்றால் முதுகே வளைய வேண்டும். இந்தப் பத்து நிமிடத்தில் அவர் எத்தனை முறை நிமிர்ந்தார் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணுவதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது.

வளர்ந்த ஒருவரின் தலை ஏறக்குறைய 5 கிலோ. நிமிர்ந்து இருக்கும்போது ஏழு கழுத்தெலும்புகளின் மேல் அது சமமாக உட்கார்ந்துகொள்ளும், தசைகளுக்கு வேலை கொஞ்சம்தான். குனியக் குனியக் கணக்கு மாறும். 2014-ல் அமெரிக்க முதுகெலும்பு அறுவை மருத்துவர் ஒருவர் கணினி மாதிரியை வைத்து இதைக் கணக்கிட்டார். 15 டிகிரி குனிந்தால் கழுத்தில் விழும் சுமை 12 கிலோ, 30 டிகிரியில் 18, 60 டிகிரியில் 27 கிலோ. உயிருள்ள மனிதர் கழுத்தில் அளந்ததல்ல, கணக்குதான். ஆனாலும் எந்தத் திசையில் ஏறுகிறது என்பதில் சந்தேகமில்லை. அவர் மனதில் வைத்திருந்தது செல்போன் பார்க்கிறவர்களை. உங்கள் பெண்கள் போனைப் பார்க்கிறவர்களைவிட ஆழமாகவும் அதிக நேரமும் குனிகிறார்கள்.

சுமையைவிட மோசம் அசையாமல் இருப்பது. ஒரு குடம் தண்ணீரைத் தூக்கி நடக்க எல்லோராலும் முடியும், அதையே கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நில் என்றால் யாரால் முடியும்? புறங்கழுத்திலிருந்து தோள் வரை விரியும் தசையும், தோள்பட்டை எலும்பைக் கழுத்தோடு கட்டுகிற தசையும் ஷிஃப்ட் முழுக்க அந்த வேலையைத்தான் செய்கின்றன. சுருங்கியே இருக்கிற தசைக்குள் ரத்தம் சரியாக ஓடாது. முதலில் களைப்பு, அப்புறம் கடுப்பு, அப்புறம் இறுக்கம். காலையில் எழும்பும்போது கழுத்து பூட்டியதுபோல் இருக்கிறது என்கிறார்களே, அது இதன் தொடர்ச்சி.

பல பெண்கள் கையில் எக்ஸ்ரே கவரோடு வருகிறார்கள். "எலும்பு தேஞ்சு போச்சாம், இனி ஒண்ணும் செய்ய முடியாதாம்" என்று கண் கலங்குவார்கள். நாற்பது தாண்டியவர்களில் வலியே இல்லாத ஆளை எக்ஸ்ரே எடுத்தாலும் தேய்மானம் தெரிவது சாதாரணம். தலைமுடி நரைப்பதற்கு யாரும் ஊசி போடுவதில்லை. சாதாரணக் கழுத்து வலியில் பெரும்பகுதி சில வாரங்களில் தானாகவே குறையும், கழுத்தை மிதமாக அசைத்துக்கொண்டே இருந்தால். இங்கே குறையாததற்குக் காரணம் தினமும் அது புதிதாக உண்டாக்கப்படுவது.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் உயரம். கண்ணுக்கு வேலை கொடுக்கும் நுணுக்கமான கைவேலைக்குப் பணிப்பரப்பு முழங்கை மட்டத்துக்குச் சில அங்குலம் மேலே இருக்க வேண்டும் என்பது பணியிட வடிவமைப்பில் பழைய பாடம். உங்கள் கூடத்தில் அது தரையில் இருக்கிறது. நாற்காலியும் மேசையும் போட்டால் மிக நல்லது. முழங்காலுக்கும் இடுப்புக்கும் சேர்த்தே நிம்மதி. மேசைக்குக் கீழே கால் நீட்ட இடம் வேண்டும், குள்ளமானவர்களுக்குக் கால் வைக்க ஒரு பலகை வேண்டும், முன்கை மேசை விளிம்பில் சாய்ந்திருக்க வேண்டும். முன்கைக்குத் தாங்கல் கிடைத்தால் தோள் தானாக இறங்கும். இதை நான் சொல்வதைவிட, பருப்பைத் தரம் பிரிக்கிற கிரேடிங் மேசையில் கை ஊன்றி வேலை செய்கிற அக்காமாரிடம் கேளுங்கள்.

மேசைக்கு இடமில்லை, தரையில் உட்கார்ந்தே பழகிவிட்டார்கள் என்கிறீர்களா, அதற்கும் வழி இருக்கிறது. அந்தக் காலத்துக் கடைகளில் கணக்குப்பிள்ளை தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் எழுதினார். ஆனால் பேரேட்டைத் தரையில் வைத்து எழுதவில்லை. அவருக்கு முன்னால் ஒரு சாய்வு மேசை இருந்தது. கணக்கு எழுதுகிறவர் கழுத்தை நினைத்துச் செய்த ஏற்பாடு பருப்பு உரிக்கிறவருக்கு ஏன் வரவில்லை என்று எனக்கு எப்போதும் தோன்றும். ஒரு அடி உயரத்தில், தொடை நுழைகிற மாதிரி இரண்டு பக்கமும் கால் வைத்த ஒரு பலகை. தன் பக்கம் லேசாகச் சரிந்து, பருப்பு உருண்டு விழாமல் விளிம்பு கட்டியது. ரப்பர் மரப்பலகைக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமா? ஊர்த் தச்சர் ஒருவரால் ஒரு நாளில் பல செய்ய முடியும். உட்காருகிற மணையையும் இன்னும் கொஞ்சம் உயர்த்தி, பின்பக்கம் லேசாகத் தூக்கினால் இடுப்பு நிமிரும். இடுப்பு நிமிர்ந்தால்தான் கழுத்து நிமிரும். கீழே வளைந்த முதுகின் மேலே நேரான கழுத்து என்பது முடியாத காரியம்.

இரண்டாவது விஷயத்தை யாரும் கழுத்தோடு சேர்த்து யோசிப்பதில்லை: கண். உங்கள் ஆலையில் வேலை செய்கிறவர்களில் பலர் நாற்பதைத் தாண்டியவர்கள். இளம்பெண்கள் வருவதில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். நாற்பதுக்குமேல் வெள்ளெழுத்து எல்லோருக்கும் வரும். கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிந்தால் படிக்கிறவர் பேப்பரைத் தூரத் தள்ளிப் பிடிப்பார். பருப்பைத் தள்ளிப் பிடித்தால் ஒட்டியிருக்கும் தோல் தெரியாது. அதனால் வெளிச்சம் விழுகிற பக்கமாக உடம்பைத் திருப்பி, கண்ணைச் சுருக்கி, இன்னும் குனிகிறார்கள். என்னிடம் வருகிறவர்களிடம் ஊசியில் நூல் கோக்க முடிகிறதா என்று கேட்பேன். "அதெல்லாம் பேத்திதான் கோத்துத் தருவா" என்று சிரிப்பார்கள். நூல் கோக்க முடியாத கண்ணோடுதான் நாள் முழுக்கப் பருப்புத் தோல் சீவுகிறார்கள்.

இதில் உங்களுக்கு லாபமும் இருக்கிறது. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆன தொழிலாளர்கள் 751 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் உடனே கிட்டத்தில் பார்ப்பதற்கான வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். 2018-ல் முடிவு வெளியானது. கண்ணாடி கிடைத்தவர்களின் பறிப்பு, கிடைக்காதவர்களைவிட ஏறக்குறைய 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. தேயிலை கொழுந்தைவிடப் பருப்புத் தோல் பொடியது. ஒரு கண் பரிசோதனை முகாமும், தேவைப்படுகிறவர்களுக்குச் சாதாரணக் கண்ணாடியும், கூடவே ஒவ்வொரு வரிசைக்கும் மேலே ஒழுங்கான டியூப்லைட்டும். நிழல் கையில் விழாதபடி லைட் முன்பக்கத்தில் வர வேண்டும். பல ஆலைகளில் லைட் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, அவர்கள் தலையின் நிழலிலேயே அவர்கள் வேலை செய்கிறார்கள்.

மூன்றாவது இடைவேளை. இங்கேதான் நீங்கள் முறைப்பீர்கள் என்று தெரியும். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஐந்து மணி நேரத்துக்குமேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, இடையில் குறைந்தது அரை மணி நேர ஓய்வு வேண்டும் என்று எழுதி வைத்தது. அது சாப்பாட்டுக்கானது. கழுத்துக்கு அது போதாது. கழுத்துக்கு வேண்டியது நீண்ட ஓய்வல்ல, அடிக்கடி நிமிர்வது. அரை மணிக்கு ஒருமுறை ஒன்றிரண்டு நிமிடம் எழும்பி நின்றாலே போதும்.

"நாங்கள் தடுக்கவில்லையே, அவர்கள்தான் எழும்புவதில்லை" என்று ஒரு மேனேஜர் என்னிடம் சொன்னார். அவர் சொன்னது உண்மைதான். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசிவிட்டு, எழும்பி நில் என்றால் யார் எழும்புவார்கள்? பக்கத்தில் இருப்பவர் முறம் நிறைகிறதைப் பார்த்துக்கொண்டே ஒண்ணுக்குப் போவதைக்கூட அடக்கிக்கொள்கிறார்கள். தண்ணீர் குடித்தால் எழும்ப வேண்டிவரும் என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அதனால் இடைவேளையை அவரவர் இஷ்டத்துக்கு விடாதீர்கள். மணியடித்து எல்லோரும் ஒன்றாக எழும்ப வேண்டும், அந்த நேரத்துக்குக் கூலியில் ஏதாவது ஈடு இருக்க வேண்டும்.

உற்பத்தி குறைந்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்க வருமான வரித் துறையில் டேட்டா என்ட்ரி செய்கிறவர்களுக்கு, வழக்கமான இரண்டு 15 நிமிட இடைவேளைகளோடு ஐந்தைந்து நிமிடமாக நாளுக்கு 20 நிமிடம் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2000-ல் வெளியான ஆய்வு அது. கழுத்து, தோள், கண் உபாதைகள் குறைந்தன, வேலை நேரம் குறைந்தும் மொத்த உற்பத்தி குறையவில்லை. கணினி வேலையும் பருப்பு வேலையும் ஒன்றல்ல. ஆனால் இரண்டிலும் விரலும் கண்ணும்தான் ஓடுகின்றன, கழுத்து மாட்டிக்கொள்கிறது.

அந்த இரண்டு நிமிடத்தில் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன், மேஸ்திரிகள் மனப்பாடம் செய்துகொள்ளலாம். நிமிர்ந்து நின்று நாடியை, அதாவது முகவாய்க்கட்டையை, மேலேயும் தூக்காமல் கீழேயும் இறக்காமல் நேராகப் பின்னுக்கு இழுக்க வேண்டும், இரட்டை நாடி விழுகிற மாதிரி. ஐந்து எண்ணும்வரை வைத்து விட வேண்டும். பார்க்கக் கோமாளித்தனமாக இருக்கும், சிரித்துக்கொண்டே செய்யட்டும். அப்புறம் தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் ஒன்றோடொன்று நெருக்க வேண்டும். பிறகு இடமும் வலமும் போகிற அளவுக்குக் கழுத்தைத் திருப்ப வேண்டும், காதைத் தோள் பக்கம் சாய்க்க வேண்டும். தசை இழுக்கிற மாதிரி இருந்தால் சரி. கையில் மின்னல் அடித்த மாதிரி வலி ஓடினால் நிறுத்திவிட வேண்டும். கழுத்தை வட்டமாகச் சுற்றுவது வேண்டாம், தலைசுற்றல் உள்ளவர்களுக்குத் தொந்தரவு.

இழுத்து விடுவது மட்டும் போதாது, பலமும் ஏற வேண்டும். டென்மார்க்கில் கழுத்து, தோள் வலி அடிக்கடி வருகிற அலுவலக ஊழியர்கள் 198 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2011-ல் வெளியானது. ரப்பர் பட்டையைக் காலடியில் மிதித்து, இரு முனைகளையும் கையில் பிடித்து, கையைப் பக்கவாட்டில் தோள் மட்டத்துக்கு உயர்த்தி இறக்குவதுதான் பயிற்சி. வாரத்துக்கு ஐந்து நாள், ஒரு குழுவுக்குத் தினம் வெறும் இரண்டே நிமிடம். பத்து வாரத்தில் வலி கணிசமாகக் குறைந்தது. ரப்பர் விளைகிற மாவட்டத்தில் இருந்துகொண்டு டென்மார்க் கதை சொல்ல வேண்டியிருக்கிறது.

வர்ம வைத்தியம் பார்க்கிற வர்மாணி ஆசான்மார் இருக்கிற ஊர் இது என்பதை மறந்து எழுதவில்லை. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் ஓர் ஆசானிடம் எண்ணெய் போட்டுத் தடவிவிட்டுத்தான் வருகிறார்கள், அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. பக்குவமான கை தசையைத் தளர்த்தும், வலியும் அடங்கும். கோட்டாறு அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரியும் பக்கத்திலேயே இருக்கிறது. நான் பயப்படுவது ஒன்றுக்குத்தான்: தலையைப் பிடித்து வெடுக்கென்று ஒரு பக்கம் திருப்பிச் சொடக்கு எடுப்பது. சலூன் கடையில் ஆண்கள் இலவசமாக வாங்கிக்கொள்கிற அதே வேலை. கழுத்தெலும்பின் துளைகள் வழியாக மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வருவது அபூர்வம்தான், ஆனால் வந்திருக்கிறது. ஆலைக்குள்ளேயே ஒருவருக்கொருவர் இதைச் செய்துகொள்வதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள்.

மாத்திரையும் அப்படித்தான். மெடிக்கலில் வாங்கின வலி மாத்திரை அநேகமாக எல்லோர் பையிலும் இருக்கிறது. காலையில் கட்டன் சாயாவோடு ஒன்று, மத்தியானம் ஒன்று. வெறும் வயிற்றில் மாதக்கணக்கில் போட்டால் குடல் புண்ணாகும், சர்க்கரையும் பிரஷரும் உள்ளவர்களுக்குச் சிறுநீரகம் கெடும். அதற்குப் பதில் வீட்டில் உப்பைச் சட்டியில் வறுத்துத் துணியில் முடிந்து கால் மணி நேரம் ஒத்தடம் கொடுத்தால் பாதி இறுக்கம் போகும். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சூடு உறைக்காமல் போகலாம் என்பதால் வேறொருவர் கையில் தொட்டுப் பார்த்துவிட்டு வைக்கட்டும். இரவில் இரண்டு தலையணை வேண்டாம், குப்புறப் படுக்கவும் வேண்டாம். கழுத்துப் பட்டையை நாளெல்லாம் மாட்டிக்கொண்டு வேலைக்கு வருகிறவர்களைப் பார்த்தால் கழற்றிவிடச் சொல்லுங்கள், டாக்டர் போடச் சொல்லியிருந்தால் ஒழிய. அது தசையைச் சோம்பேறியாக்கும்.

எல்லாக் கழுத்து வலியும் உட்கார்ந்ததால் வந்தது என்று நினைத்துவிடக் கூடாது. கை மரத்துப்போய்க் கத்தி நழுவுகிறது, நடை தள்ளாடுகிறது, சட்டை பட்டன் போட முடியவில்லை, சிறுநீர் கட்டுப்படவில்லை என்றால் கழுத்தில் நரம்போ தண்டுவடமோ நெருக்கப்படலாம். காய்ச்சலும் தலைவலியும் சேர்ந்து கழுத்து விறைத்தால் அது வேறு வியாதி. கீழே விழுந்தபின் வந்த வலி, ராத்திரி தூங்கவிடாத, கூடவே உடம்பு எடையும் குறைந்துகொண்டே வருகிற வலி, வியர்வையோடு நெஞ்சிலிருந்து தாடைக்கும் இடக்கைக்கும் பரவுகிற வலி, இவற்றில் எது வந்தாலும் என்னிடமும் அனுப்ப வேண்டாம், ஆசானிடமும் அனுப்ப வேண்டாம். ஷிஃப்ட் முடியட்டும் என்று காத்திருக்காமல் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ வண்டி பிடித்து அனுப்புங்கள். அன்றைய கூலியை வெட்டாமல் அனுப்பினால்தான் அவர்களும் வாயைத் திறந்து சொல்வார்கள்.

2021-ல் தமிழக அரசு கடைச் சட்டத்தைத் திருத்தி, நாளெல்லாம் நின்று வேலை செய்கிற ஜவுளிக்கடைப் பெண்கள் உட்பட எல்லாக் கடை ஊழியர்களுக்கும் உட்கார இருக்கை கட்டாயம் என்றது. நல்ல சட்டம். நாளெல்லாம் குனிந்து உட்காருகிறவர்கள் எழும்பி நிற்பதற்கு அப்படி ஒரு சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள். ஆள் கிடைக்கவில்லை, வியட்நாமோடு போட்டி போட முடியவில்லை, கச்சாக் கொட்டை ஆப்பிரிக்காவிலிருந்து வந்து இறங்கும்போதே விலை ஏறிவிடுகிறது என்று நீங்கள் சொல்வதெல்லாம் எனக்கும் காதில் விழுகிறது. ஆனால் ஆள் போகிற வழியை நான் வேறொரு பக்கத்திலிருந்து பார்க்கிறேன். கை வேகம் கூடிய, பருப்பு உடைக்காத, இருபது வருஷம் அனுபவமுள்ள அக்காமார் கழுத்து முடியாமல் நின்றுவிடுகிறார்கள். நின்ற ஒருவருக்குப் பதிலாகப் புதிதாக வருகிறவர் அந்த வேகத்துக்கு வர எவ்வளவு காலமாகும், அதுவரை எவ்வளவு பருப்பு உடையும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

ஆலை முழுவதையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. ஒரே ஒரு வரிசைக்கு மட்டும் சாய்வு மேசையும், கண்ணாடியும், மணியடித்து இடைவேளையும் கொடுங்கள். பக்கத்து வரிசை பழையபடியே இருக்கட்டும். ஒரு மாதம் இரண்டு வரிசையின் எடையையும், முழுப்பருப்புக் கணக்கையும், லீவு போட்ட நாட்களையும் குறித்து வையுங்கள். இந்தக் கணக்கெல்லாம் உங்கள் ரிஜிஸ்டரில் ஏற்கெனவே எழுதுவதுதான். மேசைக்கு அளவெடுக்கத் தச்சர் வருகிற அன்று எனக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அளவு நாடாவோடு நானும் வந்து ஒவ்வொருவர் முழங்கை உயரத்தையும் எடுத்துத் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் காசு வேண்டாம். மற்ற நாளென்றாலும் பஸ் கூலி மட்டும் போதும்.

இப்படிக்கு,
விளவங்கோடு வட்டத்திலிருந்து ஒரு பிசியோதெரபிஸ்ட்